ஊர்ப் பெயர் ஒன்று, ஊர் இரண்டு
(துருக்கிச் சிற்றூர்களில் தங்குமிடம் தேர்வது பற்றி வாசகர் வட்டக் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் மாலை வணக்கம். நம் வட்டத்திலிருந்து ஆறு பேர் வரும் செப்டம்பரில் துருக்கிக்குப் புறப்படுகிறீர்கள். இஸ்தான்புல்லில் எங்கே தங்கலாம் என்று சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அதற்கப்புறம் சஃப்ரான்போலு, அமாஸ்யா, மார்தின் என்று சின்ன ஊர்களுக்குப் போகிறீர்களே, அங்கே எப்படித் தேர்ந்தெடுப்பது என்று பேசச் சொன்னீர்கள். மூன்று முறை போய்வந்தவன் என்ற முறையில் ஒரே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வந்திருக்கிறேன். அந்த ஊர்களில் பெரும்பாலும் ஊர்ப் பெயர் ஒன்றாக இருக்கும், ஊர் இரண்டாக இருக்கும். உங்கள் அறை எந்த ஊரில் என்று பார்க்காமல் பணம் கட்டாதீர்கள்.

முதல் தடவை நான் பார்க்காமல் கட்டினேன். சஃப்ரான்போலுவில் ஒரு ஓட்டல். ‘ஊரின் மையத்தில்’ என்று போட்டிருந்தது. அங்காராவிலிருந்து மூன்று மணி நேரப் பேருந்துப் பயணம். போய் இறங்கினால் லிஃப்ட் இருந்தது, கட்டில் பெரியது, குளியலறை பளிச்சென்று இருந்தது. ஜன்னலைத் திறந்தால் எதிரே கைபேசிக் கடை. நான் படத்தில் பார்த்த ஓடு வேய்ந்த மரவீடுகளில் ஒன்றைக்கூடக் காணோம். விசாரித்தபோது வரவேற்பறைப் பையன் கையைக் கீழே காட்டினான். பழைய ஊர் பள்ளத்தாக்கில், ஒன்றரை கிலோமீட்டர் இறக்கத்தில் இருந்தது.

நடந்து போகிற தூரம்தானே என்று நீங்கள் கேட்கலாம். நடந்தேன். ஆனால் மாலையில்தான் இழப்பு என்னவென்று தெரிந்தது. பகலில் வந்த சுற்றுலாப் பேருந்துகள் கிளம்பிப் போய்விட்டன. லோகும் என்ற இனிப்பு விற்கும் கடைக்காரர் தட்டுகளை உள்ளே எடுத்து வைக்கிறார். கொல்லர் தெருவில் சுத்தியல் சத்தம் நின்றுவிட்டது. மேல்மாடி ஜன்னல்களில் ஒவ்வொன்றாக விளக்கு ஏறுகிறது. ஊர் ஊராக ஆகிற அந்த நேரத்தில், கடைசி டோல்முஷைப் பிடிக்க நான் மேட்டை நோக்கி ஓட வேண்டியிருந்தது. டோல்முஷ் என்றால் நம் ஊர் ஷேர் ஆட்டோ போல, ஆள் சேரச் சேரப் புறப்படும் சிறு வேன்.

சஃப்ரான்போலு உண்மையில் மூன்று பகுதி. பள்ளத்தில் இருப்பது சார்ஷி. கடைத்தெரு என்று பொருள். யுனெஸ்கோ 1994-ல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த ஊரின் நெஞ்சுப் பகுதி அதுதான். மேட்டில் இருப்பது கிரான்கோய். வங்கி, மருந்துக்கடை, பேருந்து அலுவலகம் எல்லாம் அங்கே. இன்னும் மேலே பாலார். தோட்டங்கள் என்று அர்த்தம். அந்தக் காலத்தில் வசதியுள்ள குடும்பங்களுக்கு இரண்டு வீடு. குளிர்காலத்தில் காற்று அடிக்காத பள்ளத்துச் சார்ஷியில் ஒன்று, கோடையில் காற்றோட்டமான பாலாரில் ஒன்று. ஊர் மக்களே பருவம் பார்த்து இடம் மாற்றித் தங்கியிருக்கிறார்கள். நமக்கும் அது நல்ல வழிகாட்டி. ஜூலை, ஆகஸ்டில் போகிறவர்களுக்குப் பாலாரில் தோட்டத்தோடு ஓர் அறை கிடைத்தால் சுகம். மற்ற மாதங்களில் சார்ஷிதான்.

இரண்டாம் முறை சார்ஷியில் ஒரு கோனாக்கில் தங்கினேன். கோனாக் என்றால் பழைய பெரிய வீடு. அந்த அறையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பலர் அதைப் பார்த்துவிட்டு ‘குளியலறை சின்னது’ என்று குறை எழுதுகிறார்கள்.

தரைத்தளம் கல். மேல்தளங்கள் மரச்சட்டத்தில் சுடாத பச்சைச் செங்கல் நிரப்பிக் கட்டியவை. வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட வேண்டும், அவர்களே வீட்டுச் செருப்பு தருவார்கள். அறைக்குள் நுழைந்தால் ஜன்னலோரம் சுவரை ஒட்டி நீளமாக மரத்திண்டு, மேலே கம்பளி மெத்தை. அதற்குச் சேதிர் என்று பெயர். தெருவின் மேல் துருத்திக்கொண்டு நிற்கும் ஜன்னல் மாடத்தில் அதில் சாய்ந்து உட்கார்ந்தால் தெருவின் இரண்டு முனையும் தெரியும். எதிர்ச் சுவர் முழுக்க மர அலமாரி. முதல் கதவைத் திறந்தேன், போர்வைகள். இரண்டாவது கதவைத் திறந்தேன், முழங்கால் உயரத்துக்குப் படி ஏறி உள்ளே போனால் ஷவர்!

முதலில் விசித்திரமாகத்தான் இருந்தது. வீட்டுக்கார அம்மா விளக்கிய பிறகு புரிந்தது. அந்த வீடுகளில் கூட்டுக்குடும்பம். ஒவ்வொரு தம்பதிக்கும் ஓர் அறை, அந்த அறையே ஒரு முழு வீடு. பகலில் உட்காரும் இடம். இரவில் படுக்கையை விரிப்பார்கள், விடிந்ததும் சுருட்டி அலமாரிக்குள் வைப்பார்கள். நம் வீடுகளில் பாயைச் சுருட்டி வைத்த மாதிரிதான். அந்த அலமாரியின் ஒரு தடுப்பிலேயே குளித்துக்கொள்வார்கள், அதற்குக் குசுல்ஹானே என்று பெயர். இன்று விடுதியாக மாற்றும்போது, சுவரை இடிக்காமல் அதே தடுப்பில் குழாயும் ஷவரும் வைத்திருக்கிறார்கள். பெரிய குளியலறை வேண்டுமென்றால் அந்த வீட்டை உடைத்திருக்க வேண்டும். குளியலறை சின்னதாக இருப்பதுதான் அந்த வீடு ஒழுங்காகக் காப்பாற்றப்பட்டிருப்பதற்கு அடையாளம் என்பேன்.

ஆனால் முழங்கால் வலி உள்ளவர்கள் அந்தப் படியை ஏற முடியாது. இதை மறைக்கக் கூடாது. நம் குழுவில் இரண்டு பேர் அறுபத்தைந்தைத் தாண்டியவர்கள். அவர்களுக்காகத் தரைத்தளம் அல்லது முதல் மாடி, தனிக் குளியலறை உள்ள அறை என்று முன்கூட்டியே எழுதிக் கேட்டு, பதில் வந்த பிறகு உறுதி செய்யுங்கள். உருட்டிச் செல்லும் பெட்டியையும் மறந்துவிடுங்கள். சார்ஷியின் தெருக்கள் கரடுமுரடான கல் பாவியவை. பத்தடியில் சக்கரம் போய்விடும், முதுகுப்பைதான் சரி.

அமாஸ்யாவில் வேறொரு சிக்கல். ஊர் நடுவே யெஷில்இர்மாக் ஆறு ஓடுகிறது. வடகரையில் பழைய கோட்டைச் சுவர் மேல் ஆற்றை எட்டிப் பார்த்துக்கொண்டு வரிசையாக ஒட்டோமான் கால மரவீடுகள். அந்த வரிசைக்கு யாலிபோயு என்று பெயர். பின்னால் செங்குத்தான மலை. மலையில் பொந்துகள் போல, அங்கே ஆண்ட பொண்டஸ் அரசர்களின் கல்லறைகள், கிறிஸ்துவுக்கு முந்தைய நூற்றாண்டுகளில் பாறையைக் குடைந்தவை. புவியியல் நூல் எழுதிய பழங்காலக் கிரேக்க அறிஞர் ஸ்ட்ராபோ பிறந்த ஊர் இது. யாலிபோயுவில் தங்கினால் அந்தப் படத்துக்குள்ளேயே நீங்கள் இருப்பீர்கள், படம் தெரியாது. தென்கரையில் தங்கினால் விளக்கு போட்ட கல்லறைகளும் வீடுகளும் ஆற்றுநீரில் தெரியும். என் தீர்ப்பு யாலிபோயுவுக்குத்தான். மாலையில் பாலம் தாண்டி எதிர்க்கரையில் உலாவிவிட்டு வந்து படுக்கலாம். ஒன்று மட்டும் கவனியுங்கள், ‘ஆற்றைப் பார்த்த அறை’ என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பின்பக்கத்து அறை என்றால் ஜன்னலில் பாறைதான்.

மார்தினில் எந்தப் பாதி என்ற குழப்பமே கூடாது. புதிய ஊருக்கு யெனிஷெஹிர் என்று பெயர், புதுநகரம் என்றே பொருள், அங்கே தங்கப் போனால் மார்தினுக்கு வந்ததாகவே ஆகாது. பழைய ஊர் மலைச்சரிவில் தேன் நிறச் சுண்ணாம்புக்கல் வீடுகளாகப் படிப்படியாக இறங்குகிறது. கீழே மெசொப்பொத்தேமியச் சமவெளி சிரியாப் பக்கம் வரை விரிந்து கிடக்கிறது. வீடுகளுக்கு அடியிலேயே வளைவுப் பாதைகள் போகும், அவற்றை அப்பாரா என்கிறார்கள். கார் நுழையாத அந்தச் சந்துகளில் குப்பை அள்ளக் கழுதைகளை வைத்திருக்கிறது நகராட்சி. அப்படியென்றால் உங்கள் பெட்டி எப்படிப் போகும் என்று யோசியுங்கள். முதன்மைச் சாலையிலிருந்து எத்தனை படி என்று விடுதியில் கேளுங்கள். கேட்டால் சொல்வார்கள், கேட்காவிட்டால் சொல்ல மாட்டார்கள்.

கப்படோக்கியாவுக்கு எல்லோரும் போவதால் சுருக்கமாகச் சொல்கிறேன். அது ஓர் ஊரல்ல, ஒரு வட்டாரம். கோரெமே, உச்ஹிசார், ஊர்குப், ஓர்தாஹிசார் என்று பல ஊர். விடிகாலையில் பலூன்கள் தலைக்கு மேல் போவதை மொட்டை மாடியிலிருந்து பார்க்க வேண்டுமென்றால் கோரெமே. கொஞ்சம் அமைதியும் உயரமும் வேண்டுமென்றால் உச்ஹிசார். ‘குகை அறை’ என்று விற்கப்படுவதெல்லாம் குகையல்ல. ‘மாரா’ என்றால் பாறையைக் குடைந்த உண்மையான குகை, ‘தாஷ்’ என்றால் வெட்டிய கல்லால் கட்டிய அறை. குகையில் கோடை, குளிர் இரண்டும் அடங்கியிருக்கும். ஆனால் உட்புறக் குகைக்கு ஜன்னல் இருக்காது, சில இடத்தில் ஈர வாடை அடிக்கும், எரிமலைச் சாம்பல் இறுகிய பாறை என்பதால் கூரையிலிருந்து பொடி உதிரும். ஆஸ்துமா உள்ளவர்கள் கல் அறையே எடுங்கள். அது எந்த விதத்திலும் குறைவில்லை.

விடுதியின் வகை பற்றியும் சொல்ல வேண்டும். எனக்கு மிகவும் பிடித்தது பான்ஸியோன். ஒரு குடும்பம் தன் வீட்டில் ஐந்தாறு அறையை வாடகைக்கு விடுவது. எய்ர்திர் ஏரியில், தரையோடு சாலை போட்டு இணைத்த யெஷிலாடா என்ற சிறு தீவில் அப்படிப்பட்ட வீடுகள் இருக்கின்றன. இரவு அலைச் சத்தம் கேட்டுத் தூங்கலாம். காலை உணவு பெரும்பாலும் வாடகையிலேயே சேர்ந்திருக்கும். ‘கஹ்வால்தி தாஹில்’ என்று எழுதியிருக்கும். வெள்ளைச் சீஸ், ஆலிவ், தக்காளி, வெள்ளரி, முட்டை, தேன், வீட்டில் காய்ச்சிய ஜாம், இரட்டைக் கெட்டிலில் கொதிக்கும் தேநீர். நம்மில் சைவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு இந்த உணவு வரம். இரவுச் சாப்பாட்டுக்குத்தான் எச்சரிக்கை. ‘இறைச்சி வேண்டாம்’ என்று சொன்னால் கோழி வந்து நிற்கலாம், பருப்பு சூப்பில் எலும்புச் சாறு இருக்கலாம். ‘எத் யோக், தாவுக் யோக், எத் சுயு யோக்’ என்று மூன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். பான்ஸியோன் என்றால் அந்த அம்மாவிடம் காலையிலேயே சொல்லிவிட்டால் ஆலிவ் எண்ணெயில் காய்கறி சமைத்து வைப்பார். பெரிய ஓட்டலில் யாரிடம் போய்ச் சொல்வது?

சுற்றுலாப் பயணிகள் அதிகம் போகாத ஊர்களில் ஓரெட்மெனெவி என்று ஒன்று இருக்கும். ஆசிரியர் இல்லம். ஆசிரியர்களுக்காகக் கல்வித்துறை நடத்துவது, இடமிருந்தால் மற்றவர்களுக்கும் கொடுப்பார்கள். அலங்காரம் கிடையாது, சுத்தம் இருக்கும், வாடகை குறைவு. தனியாகப் பயணம் செய்யும் பெண்களுக்கு நான் தயங்காமல் சொல்லும் இடம் அது.

முழு வீட்டையே வாடகைக்கு எடுக்க நினைப்பவர்கள் ஒன்றைப் பாருங்கள். 2024 ஜனவரி முதல், சுற்றுலாப் பயணிக்குக் குறுகிய காலத்துக்கு வீடு விடுகிறவர் அரசு அனுமதி வாங்கி வாசலில் பலகை மாட்ட வேண்டும் என்று சட்டம் வந்திருக்கிறது. பலகை இல்லாத வீடு வேண்டாம். எங்கே தங்கினாலும் பாஸ்போர்ட்டைக் கேட்டுப் பதிவு செய்வார்கள், அது சட்டப்படி அவர்கள் செய்ய வேண்டியது, பதற வேண்டாம்.

நாட்களையும் பாருங்கள். இரண்டு பெருநாள் விடுமுறைகளிலும் துருக்கியர்களே கிளம்பிவிடுவார்கள், சின்ன ஊரில் அறை கிடைக்காது. சனிக்கிழமை சஃப்ரான்போலு அங்காராக்காரர்களால் நிரம்பிவிடும். செவ்வாய், புதன் போனால் அதே வீடு அமைதியாகக் கிடைக்கும், வாடகையும் இறங்கும். ரமலான் மாதமென்றால் விடியலுக்கு முன் சஹர் உணவுக்கு எழுப்பத் தெருவில் பறை அடித்துக்கொண்டு ஒருவர் போவார். அதற்காகக் காதை அடைத்துக்கொள்ளாதீர்கள், எழுந்து ஜன்னலுக்கு வாருங்கள்.

நேரம் இருந்தால் முன்பதிவை ஒரே ஓர் இரவுக்கு மட்டும் செய்யுங்கள். போனதும் ‘ஒடாயா பாகாபிலிர் மியிம்?’ என்று கேளுங்கள். அறையைப் பார்க்கலாமா என்று அர்த்தம். யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். குழாயைத் திறந்து வெந்நீர் வருகிறதா பாருங்கள், ஜன்னலைத் திறந்து பாருங்கள். பிடித்திருந்தால் மேலும் இரண்டு நாள் இருங்கள்.

மொராக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதாவை உங்களுக்குத் தெரியும். பின்னாளில் நம் மதுரைக்கும் வந்து போனவர். 1330-களின் தொடக்கத்தில் அவர் இன்றைய துருக்கியின் பெரும்பகுதியான அனதோலியாவில் சுற்றியபோது, இன்றைய தெனிஸ்லி ஊர்ச் சந்தையில் சிலர் வந்து அவருடைய குதிரையின் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டார்கள். இன்னொரு கூட்டம் வந்து அவர்களோடு சண்டைக்கு நின்றது, கத்திகூட உருவிவிட்டார்கள். கொள்ளைக்காரர்கள் என்று அவர் நடுங்கிப்போனார். அரபு தெரிந்த ஒருவர் வந்துதான் விளக்கினார். இரண்டும் அஹி என்ற சகோதரக் குழுக்கள், விருந்தாளியை யார் தங்கவைப்பது என்பதுதான் சண்டையே! கடைசியில் சீட்டுப் போட்டுத் தீர்த்தார்கள். முதலில் ஒரு குழுவிடம் தங்கினார், பிறகு இன்னொரு குழுவிடம். சொல்லாமல் வாசலுக்கு வரும் விருந்தாளியை ‘தான்ரி மிஸாஃபிரி’, கடவுளின் விருந்தாளி, என்று இன்றும் அந்த மொழியில் சொல்கிறார்கள்.

நாம் காசு கொடுத்துத் தங்குகிறோம், அது வேறு. ஆனால் அந்தப் பழக்கத்தின் மிச்சம் வீட்டு விடுதிகளில்தான் இருக்கிறது. சார்ஷியில் நான் கிளம்பிய காலை, வீட்டுக்கார அம்மா ஒரு குவளைத் தண்ணீரோடு வாசலில் நின்றார். குடிக்கத் தருகிறார் என்று நினைத்துக் கையை நீட்டினேன். அவர் சிரித்துக்கொண்டு தலையை ஆட்டினார். நான் தெருவில் நாலடி வைத்த பிறகு, என் பின்னால் கல்தரையில் அந்தத் தண்ணீரை ஊற்றினார். தண்ணீர் போலத் தடையில்லாமல் போ, தண்ணீர் போலத் திரும்பி வா என்பதற்கு அங்கே அப்படிச் செய்வார்களாம். மேட்டில் ஏறித் திரும்பிப் பார்த்தேன். காலிக் குவளையோடு இன்னும் அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.