போட்ட பணம் போன வழி

எல்லாருக்கும் வணக்கம். நன்கொடை, வரி என்று பேச்சு வந்தாலே, "எல்லாத்தையும் சுருட்டிடுறாங்க" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். திருட்டே இல்லை என்று சொல்ல வரவில்லை. ஆனால் ஒரு காசுகூடத் திருடு போகாமல், ரசீது, தணிக்கை எல்லாம் ஒழுங்காக இருந்தும், பணம் யாருக்கென்று போட்டோமோ அவர்களிடம் போய்ச் சேராமல் இருக்கலாம். அதைத்தான் இன்றைக்குப் பேசப்போகிறேன்.

2010 ஜனவரி 12, ஹைட்டியில் நிலநடுக்கம். அவசர நிவாரணத்துக்கென்று பல அரசுகளும் தங்கள் மக்களின் வரிப்பணத்திலிருந்து கொடுத்தது மட்டும் சுமார் 240 கோடி டாலர். அது எங்கே போனது என்று ஐ.நா. சிறப்புத் தூதர் அலுவலகம் கணக்கெடுத்துப் பார்த்தால், 34 சதவீதம் கொடுத்த நாடுகளின் சொந்த ராணுவத்துக்கும் மீட்புத் துறைகளுக்குமே திரும்பிப் போயிருந்தது. ஹைட்டி அரசின் கைக்கு வந்தது ஏறக்குறைய 1 சதவீதம். மீட்புக்குப் போன ராணுவத்துக்குச் செலவு இருக்காதா என்று கேட்பீர்கள். இருக்கும்தான். ஆனால் பணம் கொடுத்தவர் மனதில் இருந்தது ஹெலிகாப்டர் எரிபொருளா, வீடிழந்த குடும்பமா?

அமெரிக்காவின் உணவு உதவியையும் பாருங்கள். அதில் பாதியாவது அமெரிக்கக் கொடி பறக்கும் கப்பலில்தான் போகவேண்டும் என்று 1954-லேயே சட்டம் போட்டுவிட்டார்கள். நடுவில் சில காலம் முக்கால் பங்கு என்றுகூட ஆக்கினார்கள். பசித்தவன் பேரைச் சொல்லி ஒதுக்கிய பணத்தில் ஒரு பங்கு கப்பல்காரருக்கு வாடகையாகப் போகிறது. கனடா 2008-ல், உதவிக்கான உணவை எங்கே வேண்டுமானாலும் வாங்கலாம் என்று மாற்றிக்கொண்டது. மனசிருந்தால் முடிகிறது, இல்லையா?

இன்னொரு வேடிக்கை. நாடு தேடி வந்த அகதிகளுக்கு முதல் 12 மாதம் உள்நாட்டில் செய்யும் செலவையும் வெளிநாட்டு உதவிக் கணக்கில் எழுத பணக்கார நாடுகளின் விதி இடம் கொடுக்கிறது. பிரிட்டனில் 2023-ல் உதவி நிதியில் கால்வாசிக்கு மேல் இப்படியே, ஹோட்டல் வாடகை உட்பட, உள்ளூரிலேயே தீர்ந்தது. அகதிகளைப் பார்த்துக்கொள்ளத்தான் வேண்டும், அதைக் குறை சொல்லவில்லை. அந்தச் செலவுக்கு எழுதி ஒட்டும் பெயரைத்தான் சொல்கிறேன்.

சரி, நன்கொடைக்கு வருவோம். "நிர்வாகச் செலவு எத்தனை சதவீதம்?" என்று கேட்டால் போதும் என்று நினைக்கிறோம். ஆனால் ஒரு தொண்டு நிறுவனம் பணம் கேட்டு அனுப்பும் கடிதத்தில், தான் எதிர்த்துப் போராடும் நோயைப் பற்றி நாலு வரி சேர்த்துவிட்டால், அச்சுச் செலவில் ஒரு பகுதியை 'விழிப்புணர்வு' என்று எழுதிக்கொள்ள வழி இருக்கிறது. சதவீதம் தானாகக் குறைந்துவிடும்! ரொம்பவே குறைவாகக் காட்டுகிற இடத்தில் கணக்குப் பார்க்கவே ஆள் இல்லாமலும் இருக்கலாம்.

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பார்கள். நாம் போடுகிற கையில்தான் அளக்கிறோம். அப்புறம் அது எத்தனை கை மாறியது, கடைசியில் யார் பேரில் செக் எழுதப்பட்டது என்று கேட்பதில்லை. ஒருமுறை ஒரு அமைப்பிடம் அந்தப் பட்டியலை எழுதிக் கேட்டேன். பட்டியல் வரவில்லை. பளபளவென்று ஒரு நன்றிக் கடிதம் வந்தது, கூடவே அடுத்த நன்கொடைக்கு ஒரு உறையும்.