கள்ளிவேலி

நேயர்களுக்கு வணக்கம்.

பாலஸ்தீன விவசாயிகள் தங்கள் தோட்டத்துக்கும் கொல்லைக்கும் வேலியாக வைத்தது, நாம் சப்பாத்திக்கள்ளி என்று சொல்லும் இனத்துச் செடியைத்தான். ஒருமுறை நட்டால் போதும். தண்ணீர் கேட்காது, ஆடு மாடு தாண்டாது, கோடையில் பழமும் தரும். பேச்சு வழக்கில் அதற்கு ஸப்ர் என்று பெயர். நம் முஸ்லிம் வீடுகளில் துக்கம் வந்தால் "சபுர் செய்யுங்கள்" என்பார்களே, அந்தப் பொறுமைக்கும் அரபியில் அதே சொல்தான்.

1948இல் இஸ்ரேல் உருவானபோது மூண்ட போரில் ஆளற்றுப்போன பாலஸ்தீன ஊர்கள் நானூறுக்கு மேல். பெரும்பாலானவற்றில் வீடுகளை இஸ்ரேலியர் இடித்துவிட்டார்கள். சில ஊர்களின் மேல் பைன் மரங்களை நட்டுக் காடாக்கினார்கள். ஆனால் கள்ளியின் வேர் எளிதில் சாகாது. இன்றும் அந்தக் காட்டுக்குள் நடந்தால் கள்ளிப்புதர் ஒன்று வரிசை பிடித்தாற்போல் நீண்டு கிடக்கும். அது ஒரு குடும்பத்து நிலத்தின் எல்லை.

இஸ்ரேல்-பாலஸ்தீனச் சண்டை பற்றிப் பேச்சு வந்தால், "இது இரண்டாயிரம் வருஷத்துப் பகை, தீராது" என்று நம்மில் பலர் சொல்லிவிடுகிறோம். யோசிக்காமல் இருப்பதற்கு அது வசதியான வாக்கியம். ஜெருசலேமில் யூதரும் கிறித்தவரும் முஸ்லிம்களும், ஹெப்ரானில் யூதரும் முஸ்லிம்களும் பல நூற்றாண்டுகள் அக்கம்பக்கமாக வாழ்ந்திருக்கிறார்கள். உரசல் இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் இன்று நாம் பார்க்கும் சண்டைக்கு வயது நூற்றுச் சொச்சம்தான். அது பெரிதும் நிலத்தைப் பற்றியது. இன்னும் சரியாகச் சொன்னால், பத்திரத்தைப் பற்றியது.

1858இல், அப்போது பாலஸ்தீனத்தை ஆண்ட ஒட்டோமான் (துருக்கி) அரசு ஒரு நிலச் சட்டம் கொண்டுவந்தது. நிலத்தை அவரவர் பெயரில் பதிவு செய்ய வேண்டும். விவசாயி பயந்தான். பதிவேட்டில் பெயர் ஏறினால் வரி வரும். மகனைப் பட்டாளத்துக்கு இழுத்துக்கொண்டு போவார்கள். ஆகவே பலர் நகரத்துப் பெரிய மனிதர்கள் பெயரில் எழுதவிட்டார்கள். உழுதவன் ஓரிடம், பத்திரம் வேறிடம் என்று ஆனது. 1920களில் வடக்குப் பாலஸ்தீனத்தின் மர்ஜ் இப்னு ஆமிர் சமவெளியின் பெரும்பகுதியை, பெய்ரூட்டில் இருந்த சுர்சுக் குடும்பம் யூத நிலக் கொள்முதல் அமைப்புகளுக்கு விற்றது. விற்பனையில் சட்டப்படி குறை காண்பது கடினம். தலைமுறையாக உழுத குத்தகைதாரர்கள்தான் மூட்டை கட்ட வேண்டியிருந்தது.

அந்த நிலத்தில் வந்து குடியேறியவர்களையும் பார்க்க வேண்டும். ரஷ்யாவில் கலவரங்களுக்குத் தப்பி வந்தவர்கள், பிறகு ஹிட்லருக்குத் தப்பி வந்தவர்கள். ஹிட்லர் காலத்தில் வேறு நாடுகளின் கதவுகள் பெரும்பாலும் அடைத்துக் கிடந்தன. தப்ப முடியாத அறுபது லட்சம் யூதர்கள் கொல்லப்பட்டார்கள். போக்கிடம் இல்லாதவர்கள் வந்து இறங்கியதால் இன்னொரு கூட்டம் போக்கிடம் இல்லாமல் ஆனது.

1917 நவம்பர் 2 அன்று, முதல் உலகப் போரில் ஒட்டோமான் அரசுடன் மோதிக்கொண்டிருந்த பிரிட்டனின் வெளியுறவு அமைச்சர் பால்ஃபர் எழுதிய கடிதம் மிகச் சிறியது. யூத மக்களுக்குப் பாலஸ்தீனத்தில் ஒரு தேசிய இல்லம் அமைவதை ஆதரிக்கிறோம் என்கிறது. அப்போது அங்கே பத்தில் ஒன்பது பேர் அரபுகள். கடிதத்தில் அரபு என்ற சொல்லே கிடையாது! "அங்குள்ள யூதரல்லாத சமூகங்கள்" என்று ஒரு குறிப்பு, அவ்வளவுதான். அவர்களுடைய குடிமை உரிமைக்கும் சமய உரிமைக்கும் பங்கம் வராது என்றார்கள். அரசியல் உரிமை பற்றி மூச்சு விடவில்லை. இந்தக் கதையில் எனக்கு மிகவும் கோபம் வரும் இடம் இது.

1947 நவம்பர் 29 அன்று ஐ.நா. சபை பாலஸ்தீனத்தை யூத நாடு, அரபு நாடு என்று பிரிக்கும் தீர்மானத்தை நிறைவேற்றியது. ஆதரவு 33, எதிர்ப்பு 13. எதிர்த்தவற்றில் இந்தியாவும் ஒன்று. மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்காக இருந்த யூதர்களுக்கு ஏறத்தாழ 55 விழுக்காடு நிலம். அரபுகள் ஏற்கவில்லை. சண்டை மூண்டது. 1948 மே 14 அன்று இஸ்ரேல் பிரகடனமானது. மறுநாள் அண்டை அரபு நாடுகளின் படைகள் புகுந்தன. எல்லாம் ஓய்ந்தபோது ஏழு லட்சத்துக்கு மேற்பட்ட பாலஸ்தீனர்கள் வீடிழந்திருந்தார்கள். சிலர் துரத்தப்பட்டார்கள், சிலர் டெய்ர் யாசீன் என்ற அரபுக் கிராமத்தில் யூதப் படையினர் நடத்திய படுகொலைச் செய்தி கேட்டு ஓடினார்கள். சில நாளில் திரும்பிவிடலாம் என்று கதவைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போனவர்கள் பலர். அகதி முகாம்களில் அந்தச் சாவிகளைப் பேரப்பிள்ளைகள் இன்றும் வைத்திருக்கிறார்கள்.

1950இல் இஸ்ரேல் 'இல்லாதவர் சொத்துச் சட்டம்' கொண்டுவந்தது. ஊரை விட்டுப் போனவர் சொத்து அரசுப் பொறுப்பாளர் கைக்குப் போனது. எல்லை தாண்டாமல் பக்கத்து ஊரில் ஒதுங்கியிருந்தவர்களும் இதில் சிக்கினார்கள். வரி கட்டலாம், ஓட்டுப் போடலாம். சொத்து விஷயத்தில் மட்டும் 'இல்லாதவர்'. இவர்களுக்கு 'இருந்தும் இல்லாதவர்கள்' என்றே பெயர் விழுந்தது. அதே காலத்தில் ஈராக்கிலிருந்தும் ஏமனிலிருந்தும் ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட யூதர்கள் தங்கள் வீடுகளை விட்டு வந்தார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

1967இல் மேற்குக் கரையும் காசாவும் இஸ்ரேல் வசமாயின, அங்கே யூதக் குடியேற்றங்கள் பெருகின, 1993இல் ஓஸ்லோ சமாதான ஒப்பந்தத்தில் முளைத்த நம்பிக்கை கருகியது. 2023 அக்டோபர் 7 தாக்குதலும் அதன்பின் காசாவில் விழுந்த குண்டுகளும் நேயர்கள் அறிந்தவை. ஒன்று மட்டும் சொல்கிறேன்: காசாவாசிகளில் பெரும்பாலோர் 1948 அகதிகளின் வாரிசுகள்.

கள்ளிக்கு வருகிறேன். இஸ்ரேலில் பிறந்த யூதரைச் 'சப்ரா' என்பார்கள். அதுவும் கள்ளிப்பழம்தான், வெளியே முள், உள்ளே இனிப்பாம். இரண்டு மக்களும் தங்கள் மண்ணின் அடையாளமாகச் சொந்தம் கொண்டாடும் இந்தச் செடியோ அமெரிக்கக் கண்டத்திலிருந்து கப்பலேறி வந்தது!

உம் அல் ஃபஹம் ஊரைச் சேர்ந்த பாலஸ்தீன ஓவியர் ஆசிம் அபூ ஷக்ரா, முப்பது வயது நிறைவதற்குள் 1990இல் இறந்துபோனார். டெல் அவீவில் வாழ்ந்த கடைசி ஆண்டுகளில் அவர் கள்ளியையே திரும்பத் திரும்ப வரைந்தார். அந்தக் கள்ளி எந்த வேலியிலும் இல்லை. ஒரு சிறிய பூத்தொட்டியில் இருக்கிறது.