இரண்டு கையிலும் குச்சி. பக்கத்தைப் புரட்டுவது யார்?

நடுவர் அவர்களே, காரைக்குடிப் பெருமக்களே, வணக்கம். நாட்டுப்புறக் கருவியைக் கற்க ஏற்ற வழி காதால் கேட்டுப் பழகும் கேள்வியா, எழுதி வைத்த ஏடா என்பது தலைப்பு. நான் கேள்வியின் பக்கம்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தங்கை நல்ல இடம் பார்த்து அடித்தார். "இது பேரேடு எழுதிய மண். ரங்கூனில் நகரத்தார் வணிகம் செய்த கணக்கெல்லாம் ஏட்டில் நின்றது. பறையடியை எழுதி வைக்காததால்தானே வாத்தியாரோடு அடியும் சுடுகாட்டுக்குப் போகிறது?" என்று கேட்டார். நீங்கள் கைதட்டினீர்கள். நானும்தான் தட்டினேன்.

ஆனால் தங்கச்சி, அந்தப் பேரேட்டை எழுதியவர் தொழிலை எங்கே படித்தார்? பெட்டியடிப் பையனாக, அதாவது கடைநிலை எடுபிடியாக, கப்பலேறிப் போனவர் அவர். கிட்டங்கி என்ற கடையில் தலைமை ஆளான மேலாள் பேரம் பேசுவதைக் கேட்டார், அவருக்கு அடுத்த நிலையிலிருந்த அடுத்தாள் ஏசுவதையும் கேட்டார். அதற்கும் முன்னால் திண்ணைப் பள்ளிக்கூடத்தில், முந்திரி என்றால் 320-இல் ஒன்று என்று ராகம் போட்டுச் சொல்லிச் சொல்லியே மனத்தில் ஏற்றியவர். ஏடு கணக்கைக் காத்தது, சரி. கணக்குப்பிள்ளையைக் காது அல்லவா வளர்த்தது?

அடுத்து வந்த தம்பி எட்டயபுரத்துக்கே போய்விட்டார். 1904-இல் சுப்பராம தீட்சிதர் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி'யை அச்சில் கொண்டுவந்ததால்தான் முத்துசுவாமி தீட்சிதர் கீர்த்தனைகள் நமக்கு இத்தனை கிடைத்தன என்றார். பெரிய தொண்டு, மறுக்கவில்லை. ஆனால் சுப்பராம தீட்சிதர் தாத்தா பாலுசுவாமி தீட்சிதரிடம் கேட்டுப் பயின்றவர். கேட்டதைத்தான் எழுதினார். அதில் சுரத்தை அசைத்துப் பாடும் கமகத்துக்கு அவர் போட்ட குறிகளை, கமகத்தை ஒருமுறையாவது காதால் கேட்டிராதவன் என்ன செய்வான்? தெரிந்தவனுக்கு ஏடு நினைவூட்டும். நம் தலைப்போ, தெரியாதவன் கற்பதைப் பற்றியது.

இப்போது என் சொந்தக் கதை. முப்பது வயதுக்கு மேல் எனக்குப் பறை படிக்க ஆசை வந்தது. பக்கத்துக் கிராமத்து வாத்தியார் ஒருவரிடம் போனேன். படித்த திமிர், 40 பக்க நோட்டோடு போனேன். அவர் அடிக்க அடிக்க 'டண் டணக்க டண்' என்று கட்டம் போட்டு எழுதிக்கொண்டேன். ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தார்.

"தம்பி, அதைப் படிச்சுக் காட்டு" என்றார். படித்தேன்.

"எல்லாம் வரிசையா நிக்குது. ஆடுறவன் எங்கே முட்டியை மடக்குவான்?"

அப்போதுதான் உறைத்தது. அவர் கையில் அந்த 'ணக்' ஒரு மயிரிழை தாமதமாக விழுகிறது. அந்தத் தாமதத்தில்தான் ஆட்டக்காரனின் கால் இறங்குகிறது. என் நோட்டிலோ எல்லாக் கட்டமும் ஒரே அகலம். கட்டத்தைக் கொஞ்சம் அகலமாகப் போடலாமே என்பீர்கள். போட்டும் பார்த்தேன். கரகம் ஆடுகிற அக்காவுக்கு ஒரு அளவு, ஒயிலாட்டக்காரர்களுக்கு இன்னொரு அளவு. அவர்கள் களைத்தால் அதுவும் மாறுகிறது! ஒரு கையில் சிம்புக்குச்சி, இன்னொரு கையில் அடிக்குச்சி, கண் ஆடுகிறவர் காலில். இதில் நோட்டை எந்தக் கையால் புரட்டுவது, எந்தக் கண்ணால் பார்ப்பது?

"வாயில வராதது கையில வராது" என்று சொல்லி, குச்சியை வாங்கி வைத்துவிட்டு, ஒரு மாதம் அடியை வாயாலேயே சொல்ல வைத்தார்.

அப்புறம் மாசி மாதம், அம்மன் கோயில் திருவிழா. ராத்திரிப் பனியில் தோல் தொய்ந்து, பறை 'பொத்து பொத்து' என்றது. காய்ச்ச வேண்டும். கிடந்த வைக்கோலும் பனியில் நனைந்திருந்தது. வாத்தியார் சுற்றிலும் பார்த்தார், கடைசியில் என் பையைப் பார்த்தார். நாற்பது பக்கமும் எரிந்தன. தோலை விரலால் சுண்டி, காதருகே வைத்துக் கேட்டுக் கேட்டு, "ம், இப்ப போதும்" என்று எடுத்தார்.

அன்றைக்குப் பறை கணீரென்று பேசியது, நடுவர் அவர்களே!