வேலைக்கூலிக்குச் சொத்தே பிணை: ஒன்ராறியோவின் கட்டுமான லீன்

வணக்கம் நேயர்களே. ஒன்ராறியோவில் கூரை வேய்ந்தும், தரையில் ஓடு பதித்தும், பேஸ்மென்ட் கட்டிக் கொடுத்தும் கூலிக்காக மாதக்கணக்கில் அலைகின்ற நம்மவர்களுக்கு இம்மாகாணத்தின் கட்டுமானச் சட்டம் தருகின்ற லீன் என்னும் பற்றுரிமையைப் பற்றி இன்று பேச வந்திருக்கிறேன்.

உங்கள் உழைப்பினால் ஒரு சொத்து மேம்பட்டிருக்கிறது. ஆகவே உங்களுக்கு வரவேண்டிய பணத்துக்கு அந்தச் சொத்தே பிணையாக நிற்கிறது. உங்களை வேலைக்கு அமர்த்தியவர் வீட்டுக்காரராக இல்லாமல் இடையிலுள்ள ஒப்பந்தகாரராக இருந்தாலும் இந்த உரிமை உண்டு. வீட்டுக்காரர் ஒவ்வொரு கொடுப்பனவிலும் 10 சதவீதத்தைப் பிடித்து வைத்திருக்க வேண்டும் என்று சட்டம் சொல்வதே, உங்களைப் போன்ற துணை ஒப்பந்தகாரர்களைக் காப்பதற்காகத்தான். லீன் போடமாட்டேன் என்று முன்கூட்டியே எழுதி வாங்கியிருந்தாலும் அந்த வாசகம் செல்லாது.

இத்தனை வலுவான உரிமையைப் பலர் இழப்பது லீனைப் பதிய வேண்டிய கெடுவைத் தவறவிடுவதால்தான். 2018 ஜூலைக்கு முன் 45 நாளாக இருந்த கெடு இப்போது 60 நாள். ஓடு பதிக்கும் துணை ஒப்பந்தகாரர் ஒருவர் மார்ச் 3ஆம் திகதி கடைசியாக வேலை செய்தார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய கெடு பொதுவாக அன்றிலிருந்தே ஓடத் தொடங்கும்; மே 2ஆம் திகதிக்குள் நிலப்பதிவேட்டில் லீன் பதிவாகிவிட வேண்டும். அதன்பின் 90 நாளுக்குள், அதாவது ஜூலை 31க்குள், வழக்குத் தொடுத்து அதற்கான சான்றிதழையும் அதே பதிவேட்டில் பதிய வேண்டும். "அடுத்த கிழமை கட்டாயம் தருகிறேன், அண்ணை" என்ற வாக்குறுதி இந்தக் கெடுவை ஒரு நாள்கூட நீட்டாது. பின்னொரு நாள் போய் வெடித்த ஓட்டை மாற்றிக் கொடுத்ததால் கணக்கு புதிதாகத் தொடங்கும் என்றும் நம்பியிருக்க வேண்டாம். கெடு கடந்தால் பணம் கேட்டு வழக்குப் போடும் உரிமை மிஞ்சும். ஆனால் சொத்து என்ற பிணை போய்விடும், எதிராளி கையை விரித்தால் தீர்ப்பு வெறும் காகிதமாகவே இருக்கும்.

கோபத்தில் தொகையைக் கூட்டிப் போடுவதும் ஆபத்து. வேண்டுமென்றே பெருமளவில் மிகைப்படுத்திய லீனால் பிறருக்கு நட்டம் ஏற்பட்டால், அதை நீங்களே ஈடுசெய்ய நேரிடும். வட்டியையும் லீன் தொகையில் சேர்க்க முடியாது. செய்த வேலைக்கும் கொடுத்த பொருளுக்கும் உரிய விலையை மட்டும் கேளுங்கள்.

மே 2 என்பது பதிவு முடிந்திருக்க வேண்டிய நாள். சட்டத்தரணியை முதன்முதலாகச் சந்திக்கும் நாள் அல்ல. சொத்தின் பதிவு விபரத்தைத் தேடி எடுக்கவும், உரிமையாளர் யாரென்று உறுதிசெய்யவும் அவகாசம் வேண்டும். ஆகையால் ஒப்பந்தம், விலைச்சிட்டைகள், பொருள் வாங்கிய பற்றுச்சீட்டுகள், கடைசி நாள் வேலையின் படங்கள் ஆகியவற்றை எடுத்துக்கொண்டு, பணம் தாமதமான முதல் மாதத்திலேயே சட்டத்தரணியிடம் போய்விடுங்கள்.