திருமண அழைப்பிதழை எப்படிக் குப்பையில் போடுவது?

(தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரப் பகுதியான சாட்ஸ்வர்த்தில், தமிழ் வகுப்புப் பெற்றோர் கூட்டமொன்றில், ஓய்வுபெற்ற மனநலச் செவிலியர் ஒருவர் ஆற்றிய உரை)

பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

என் அத்தை வீட்டில் ஓர் அறை உண்டு. கதவை ஒரு சாண் தள்ளினாலே இரண்டு லிட்டர் ஐஸ்கிரீம் டப்பாக்கள் சரிந்து விழும். எல்லாம் கழுவிக் காயவைத்தவை; மூடி தனி, டப்பா தனி. அவற்றுக்குப் பின்னால் மின்கட்டண ரசீதுகள், சேலைப் பெட்டிகள், 1970களிலிருந்து வந்த திருமண அழைப்பிதழ்கள். "பிள்ளையார் படம் போட்டிருக்கிறதே, இதை எப்படிக் குப்பையில் போடுவது?" என்பார். என்னிடமும் பதில் இல்லை. என் அலமாரியிலும் ஒரு கட்டு கிடக்கிறது.

எதையும் எறிய முடியாமல் வீடு நிறையச் சேர்த்துக்கொண்டே போகும் இந்த நிலையைப் பதுக்கல் என்று சிலர் எழுதுகிறார்கள். அரிசி மூட்டையை ஒளித்து விலையேற்றும் வியாபாரிதான் எனக்கு நினைவுக்கு வருகிறான். பொருள்குவிப்புக் கோளாறு என்றே நான் சொல்கிறேன். நெடுங்காலம் எண்ணச் சுழற்சி நோயின் (ஒரே எண்ணமும் செயலும் விடாமல் திரும்பத் திரும்ப வரும் ஓசிடி) ஒரு கிளையாகப் பார்க்கப்பட்ட இதை, அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013இல்தான் மனநோய்களை வகைப்படுத்தும் தன் கையேட்டில் தனிக் கோளாறாகச் சேர்த்தது. நூற்றில் இரண்டு மூன்று பேருக்கு இருக்கலாம் என்கின்றன ஆய்வுகள். பெரும்பாலும் பதின்வயதிலேயே தொடங்கிவிடும். நம் கண்ணில் படுவது ஐம்பது வயதுக்கு மேல்தான்.

பொருள் சேர்ப்பதெல்லாம் நோயல்ல. பழைய கிராமபோன் தட்டு சேர்ப்பவர், வருகிறவர்களிடமெல்லாம் எடுத்துக் காட்டுவார். அத்தையோ வாசலில் நின்றே பேசி அனுப்பிவிடுவார். கட்டிலில் படுக்க இடமில்லை, அடுப்பில் சமைக்க வழியில்லை என்றாகும்போது அது நோய்.

"மேகசின் பாரக்ஸிலிருந்து கிளப்பினார்களே, அந்த அடிதான்" என்பார்கள் உறவினர்கள். அது டர்பன் நகராட்சியின் இந்தியத் தொழிலாளர் குடியிருப்பு; 1960களில் அங்கிருந்து சாட்ஸ்வர்த்துக்கு வந்த குடும்பம் எங்களுடையது. நானும் அப்படித்தான் நம்பினேன். ஆனால் அதே பாரக்ஸ் அறையில் வளர்ந்த என் அப்பாவின் வீடு துடைத்துவிட்டதுபோல் இருந்ததே! ஆய்வுகளிலும் வறுமையைவிடப் பரம்பரையும் மனத்தைத் தாக்கிய இழப்புகளும்தான் அதிகம் தென்படுகின்றன.

முக்கியமான சிக்கல் முடிவெடுப்பதில். 2012இல் வெளிவந்த மூளைப்பட ஆய்வு ஒன்றில், இவர்களிடம் காகிதங்களைக் கொடுத்து வைப்பதா எறிவதா என்று கேட்டார்கள். அடுத்தவர் காகிதம் என்றால் மூளை அலட்டிக்கொள்ளவில்லை. சொந்தக் காகிதம் என்றதும், எது முக்கியம் என்று எடைபோடும் பகுதிகள் அளவுக்கு மீறி இயங்கின. அத்தையைச் சோம்பேறி என்றவர்கள் இதைக் கேட்க வேண்டும்.

இனி என் தவறு. அத்தை கண்புரை அறுவைக்குப் போயிருந்தபோது, சித்தப்பா மகன்களோடு நானும் சேர்ந்து வீட்டைக் காலி செய்தேன். இரண்டு பேக்கி (சிறு சரக்கு வண்டி) நிறைய ஏற்றினோம். மனநலப் பிரிவில் வேலை பார்த்துக்கொண்டே செய்தேன்! திரும்பி வந்தவர் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். இரண்டே ஆண்டில் வீடு மறுபடி நிறைந்தது; எங்களுக்குத்தான் கதவு திறக்கவில்லை.

இதற்கென்றே அங்கீகரிக்கப்பட்ட மருந்து கிடையாது. கூடவே மனச்சோர்வு இருந்தால் அதற்கு மருந்து தரலாம். பலன் தருவது அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை: வீட்டுக்கே போய், பொருளைக் கையில் வைத்து, வகைபிரித்துப் பழக்குவது, புதிதாக வாங்காமலிருக்கப் பழக்குவது. மாதக்கணக்கில் ஆகும். முதலில் பார்க்க வேண்டியது அடுப்பின் சுற்றுப்புறமும் வாசலுக்குப் போகும் வழியும்தான். மின்வெட்டு நேரத்தில் காகிதக் குவியலுக்கு நடுவே மெழுகுவர்த்தி ஏற்றுகிறார்கள். நினைத்தாலே வயிறு கலங்குகிறது.

அத்தை மறுபடி என்னை உள்ளே விட்ட பிறகு, ஞாயிறுதோறும் பதினைந்து நிமிடம் உட்கார்ந்தோம். நான் எதையும் தொடுவதில்லை. "இது போனால் மனம் எவ்வளவு பதறும்? பத்துக்கு எத்தனை?" என்று கேட்பேன். "ஒன்பது" என்பார். போட்டுவிட்டு அடுத்த வாரம் கேட்டால், நான்கு.

அழைப்பிதழ்களுக்கு அவரே வழி கண்டுபிடித்தார். பிள்ளையாரை மட்டும் கத்தரித்து ஓர் ஐஸ்கிரீம் டப்பாவில் போட்டுக்கொண்டு, மிச்சத்தைக் கொடுத்தார். போன மாதம் டப்பா நிறைந்து, இரண்டாவது டப்பா கேட்டார். "முதல் டப்பாவிலேயே இடம் பண்ணுங்கள் அத்தை" என்றேன். ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.