ரயில் இருக்கிறது, பஸ் இருக்கிறது, நடுவில் வழிதான் இல்லை

வணக்கம் மக்களே. பின்னால் சத்தம் கொஞ்சம் அதிகமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். பரங்கிமலை ரயில் நிலையத்தில் நின்று பேசுகிறேன். மெட்ரோ இரண்டாம் கட்டம் பற்றிய வீடியோவுக்குக் கீழே நிறையப் பேர் ஒரே கேள்வியைக் கேட்டிருந்தீர்கள்: "118 கிலோமீட்டர் மெட்ரோ வந்துவிட்டால் சென்னை டிராஃபிக் தீர்ந்துவிடுமா?" தீராது. ஏன் என்று சொல்வதற்கு இந்த நிலையத்தை விடப் பொருத்தமான இடம் கிடைக்காது.

கேமராவைத் திருப்புகிறேன், பாருங்கள். கீழே தாம்பரம், செங்கல்பட்டு போகிற புறநகர் ரயில். அதற்கு மேலே, தூண்கள் மேல் ஓடுகிற பறக்கும் ரயிலுக்காகக் கட்டிய தளம். அதற்கும் மேலே மெட்ரோ. வேளச்சேரியில் இருந்து இங்கே வரவேண்டிய பறக்கும் ரயில் பாதை வெறும் 5 கிலோமீட்டர்தான். 2008-இல் வேலை தொடங்கியது. ஆதம்பாக்கம் பக்கம் சுமார் அரை கிலோமீட்டர் நிலத்துக்கு வழக்கு வந்தது. அந்த அரை கிலோமீட்டருக்காக மற்றதெல்லாம் தூணும் பாலமுமாக வருடக்கணக்கில் சும்மா நின்றது. பணம் போட்டாயிற்று, கான்கிரீட் ஊற்றியாயிற்று, ஆனால் ஒரு ஆள்கூட அதில் போக முடியவில்லை.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், ஒரு நகரத்துக்குப் போக்குவரத்துத் திட்டம் என்றதும் நமக்கு மேம்பாலமும் மெட்ரோவும்தான் கண்ணுக்கு வருகின்றன. என்னைக் கேட்டால், இருப்பதை ஒன்றோடொன்று கோர்ப்பதுதான் திட்டத்தின் பாதி வேலை. அந்தப் பாதியைச் செய்ய ஆள் இல்லை என்பதுதான் இத்தனை வருடமாக நம் பிரச்சினை.

ஆள் இல்லை என்று முழுதாகவும் சொல்லிவிட முடியாது. கும்டா என்று ஒன்று இருக்கிறது, கேள்விப்பட்டிருப்பீர்கள். சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமம். சட்டம் வந்தது 2010-இல். முதலமைச்சர் தலைமையில் முதல் கூட்டம் நடந்தது 2022 நவம்பரில்! நடுவில் பன்னிரண்டு வருடம். அந்தப் பன்னிரண்டு வருடத்தில்தான் மெட்ரோ முதல் கட்டம் ஓட ஆரம்பித்தது, ஓலா, ஊபர் வந்தன, ஓ.எம்.ஆர். சாலையின் இரண்டு பக்கமும் அடுக்குமாடி நிரம்பியது. எல்லாம் அவரவர் போக்கில்.

2022-இல் இன்னொன்றும் நடந்தது. சென்னைப் பெருநகரப் பகுதி 1,189 சதுர கிலோமீட்டரில் இருந்து 5,904 சதுர கிலோமீட்டர் ஆனது. காஞ்சிபுரம், அரக்கோணம் வரை உள்ளே வந்துவிட்டது. இவ்வளவு பெரிய பரப்புக்கும் சேர்த்துத்தான் கும்டா விரிவான போக்குவரத்துத் திட்டம் போட வேண்டியிருந்தது.

சரி, இப்படி ஒரு திட்டத்தை எப்படிப் போடுகிறார்கள்? முதலில் கணக்கெடுப்பு. வீடு வீடாகப் போய், "நேற்று யார் யார் எங்கே போனீர்கள், எதில் போனீர்கள், எவ்வளவு நேரம் ஆனது" என்று கேட்பார்கள். அப்புறம் ஊர் எல்லையில் நின்று உள்ளே வெளியே போகிற வண்டிகளை எண்ணுவார்கள். அடையாறு, கூவம் மாதிரி ஆறு குறுக்கே ஓடும் ஊரில் பாலங்களில் நின்று எண்ணினாலே போதும், இந்தப் பக்கத்தில் இருந்து அந்தப் பக்கம் எத்தனை பேர் போகிறார்கள் என்பது தெரிந்துவிடும். இதையெல்லாம் கணினியில் ஒரு மாதிரிக் கணக்காகப் போட்டு, இத்தனை வருடம் கழித்து எங்கே எவ்வளவு கூட்டம் இருக்கும் என்று பார்ப்பார்கள்.

இதில் ஒரு ஓட்டை உண்டு. கதவைத் திறப்பவர் வீட்டு ஆண் என்றால், "காலையில் ஆபீஸ், சாயங்காலம் வீடு" என்று இரண்டு பயணத்தோடு முடிந்துவிடும். அதே வீட்டுப் பெண் பிள்ளையைப் பள்ளியில் விட்டு, ரேஷன் கடைக்குப் போய், மாமியாருக்கு மருந்து வாங்கி, நடந்தே திரும்பி வந்திருப்பார். அது கணக்கிலேயே ஏறாது. 2008-இல் சென்னைக்கு எடுத்த ஆய்விலேயே மொத்தப் பயணங்களில் கால்பங்குக்கு மேல் வெறும் நடை. உண்மையில் அதைவிடக் கூடத்தான் இருக்கும் என்பது என் ஊகம்.

இப்போது கிளாம்பாக்கத்துக்கு வருவோம். இதைக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டும்.

2023 டிசம்பர் கடைசியில் அங்கே புதுப் பேருந்து முனையம் திறந்தார்கள். கோயம்பேட்டு நெரிசலைக் குறைக்கத் தென்மாவட்ட பஸ்களை ஊருக்கு வெளியே நிறுத்துவது என்ற யோசனையில் தப்பே இல்லை. கட்டடமும் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் திறந்த அன்று அங்கே ரயில் நிலையம் இல்லை. ஜி.எஸ்.டி. ரோட்டுக்கு மறுபுறம் தண்டவாளம் ஓடுகிறது, மின்சார ரயில் கண்ணெதிரே போகிறது. ஏற வேண்டுமென்றால் வண்டலூருக்கோ ஊரப்பாக்கத்துக்கோ போக வேண்டியிருந்தது.

திருநெல்வேலியில் இருந்து விடியற்காலை வந்து இறங்குகிற ஒரு குடும்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கையில் இரண்டு பை, ஒரு அரிசி மூட்டை, தூக்கத்தில் இருக்கும் குழந்தை. கோயம்பேடாக இருந்தால் இறங்கியதும் மெட்ரோ பக்கத்திலேயே. இங்கே மாநகரப் பேருந்து பிடித்துத் தாம்பரம் போய், அங்கே படியேறி ரயில் மாற வேண்டியிருந்தது. இல்லையென்றால் ஆட்டோக்காரர் கேட்கிறதைக் கொடுக்க வேண்டியிருந்தது. ஊரில் இருந்து சென்னைக்கு வந்த டிக்கெட்டும், கிளாம்பாக்கத்தில் இருந்து வியாசர்பாடிக்குப் போகிற ஆட்டோவும் ஏறக்குறைய ஒரே விலை என்றால் அந்தப் பஸ் யாருக்கு லாபம்?

இது ஏன் நடந்தது என்று பாருங்கள். முனையத்தைக் கட்டியது சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம், அதாவது சி.எம்.டி.ஏ. ரயில் நிலையம் தெற்கு ரயில்வே கையில். நடுவில் இருக்கிற ரோடு நெடுஞ்சாலைத் துறையுடையது. நகரப் பேருந்து மாநகரப் போக்குவரத்துக் கழகமான எம்.டி.சி. விமான நிலையத்தில் இருந்து இங்கே வரை மெட்ரோவை நீட்டுவது மெட்ரோ நிறுவனமான சி.எம்.ஆர்.எல். அறிக்கையில் இருக்கிறது. கடைசியில் ரயில் நிலையம் கட்டுவதற்கான பணத்தை சி.எம்.டி.ஏ.தான் ரயில்வேக்குக் கொடுத்தது, அதுவும் முனையம் திறந்த பிறகு. ஐந்து பேரும் அவரவர் வேலையைத்தான் செய்தார்கள், யாரையும் சோம்பேறி என்று சொல்ல முடியாது. ஆனால் பயணி ஐந்து பேருக்கும் நடுவில் ரோட்டில் நின்றார்.

கும்டா மாதிரி ஒரு அமைப்பு இதற்குத்தான். ஆனால் வெறும் ஆலோசனை சொல்கிற அமைப்பாக இருந்தால் பிரயோஜனம் இல்லை. "ரயில் நிலையம் தயாராகும் வரை முனையத்தைத் திறக்காதே" என்று சொல்கிற அதிகாரம் வேண்டும். அப்படிச் சொல்வதற்குப் பணம் அதன் வழியாகப் போக வேண்டும். 2025 செப்டம்பரில் 'சென்னை ஒன்' செயலி வந்தது. பஸ், மெட்ரோ, புறநகர் ரயில் எல்லாவற்றுக்கும் ஒரே இடத்தில் டிக்கெட் எடுக்கலாம். நல்ல விஷயம், நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் டிக்கெட்டை இணைப்பது சுலபம், தரையை இணைப்பதுதான் கஷ்டம்.

தரை என்றால் முதலில் நடைபாதை. 2014-இல் சென்னை மாநகராட்சி ஒரு கொள்கை கொண்டுவந்தது. போக்குவரத்துக்கு ஒதுக்குகிற பணத்தில் குறைந்தது 60 சதவீதம் நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் என்று. காகிதத்தில் படித்தால் புல்லரிக்கும். பாண்டி பஜார் 2019-இல் அகல நடைபாதையோடு மாறியது அந்த வழியில்தான். இப்போது இந்த நிலையத்தை விட்டு வெளியே வந்து பாருங்கள். மழைநீர் வடிகால் மேல் மூடிய பலகைதான் நடைபாதை. ஒரு பலகை மேலே, அடுத்தது நாலு விரல் கீழே. நடுவில் மின்வாரியப் பெட்டி. அதைச் சுற்றி ரோட்டில் இறங்கி ஏற வேண்டும். சக்கர நாற்காலிக்காரர் என்ன செய்வார்? தாழ்தளப் பேருந்தே வழக்கு, போராட்டம் எல்லாம் தாண்டித்தான் மறுபடி வந்தது. பஸ் வந்துவிட்டது, பஸ் நிறுத்தம் வரை அவர் வருவதற்கு வழி?

பஸ் பற்றி ஒரு வார்த்தை. 2021-இல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று ஆக்கினார்கள். பெண்களுக்கு மாதம் சராசரி 888 ரூபாய் மிச்சம் என்று மாநிலத் திட்டக்குழு ஆய்வில் வந்தது. இலவசம் என்று கேலி பேசுகிறவர்களுக்குச் சொல்கிறேன், இத்தனை குறைந்த செலவில் இத்தனை பேரின் நடமாட்டத்தை மாற்றிய திட்டம் இங்கே வேறு எதுவும் எனக்குத் தோன்றவில்லை. மெட்ரோவை விட இதைத்தான் நான் முதலில் வைப்பேன். கூடவே பஸ் எண்ணிக்கையையும் கூட்ட வேண்டும், இல்லையென்றால் இலவசமாகத் தொங்கிக்கொண்டுதான் போக வேண்டும்.

கோவை, மதுரை நண்பர்கள் "எங்களுக்கு மெட்ரோ இல்லையா" என்று கோபத்தில் இருக்கிறீர்கள். 2025 நவம்பரில் மத்திய அரசு 20 லட்சம் மக்கள்தொகை வேண்டும் என்கிற 2017 மெட்ரோ கொள்கையைக் காட்டி உங்கள் மெட்ரோ திட்ட அறிக்கைகளைத் திருப்பி அனுப்பியது. 2011 கணக்கெடுப்பை வைத்துப் பேசுவது அநியாயம்தான். ஆனால் அதே கொள்கை, மெட்ரோ கேட்பதற்கு முன் விரிவான போக்குவரத்துத் திட்டமும் கும்டா மாதிரி ஒரு ஆணையமும் வேண்டும் என்கிறது. நிறைய ஊர்களில் மெட்ரோவுக்குப் பணம் வாங்குவதற்காகவே திட்டம் எழுதுகிறார்கள். அப்படி எழுதினால் பதில் முதலிலேயே தெரியும், கேள்வியைப் பிறகு தயார் செய்வார்கள். கோவையில் காந்திபுரத்தில் இருந்து உக்கடத்துக்கு நிம்மதியாக பஸ் மாறிப் போக மெட்ரோ வரும்வரை காத்திருக்கத் தேவையில்லையே.

வாகன நிறுத்தக் கட்டணம் பற்றி இன்னும் பேசவே இல்லை. தெருவில் காரை இலவசமாக நிறுத்த விட்டுவிட்டு பஸ்ஸுக்குத் தனிப் பாதை இல்லை என்று அழுவது பற்றி அடுத்த வீடியோ. திட்டு வாங்கப் போகிறேன் என்று தெரியும், வாங்கிக்கொள்கிறேன். அதற்குள் கமெண்டில் ஒன்று எழுதுங்கள்: நீங்கள் தினமும் வண்டி மாறுகிற இடம் எது, இறங்கின இடத்துக்கும் ஏறுகிற இடத்துக்கும் நடுவில் என்ன தடை. இடத்தின் பெயரைத் தெளிவாகப் போடுங்கள், அதிகம் பேர் சொல்கிற இடத்துக்குக் கேமராவோடு போய் நடந்து காட்டுகிறேன்.