ஒரே சென்சார், இரண்டு பாடி: மிரர்லெஸ் கேமராவைக் கையால் தேர்ந்தெடுப்பது

[காட்சி: மேசையில் அருகருகே இரண்டு கேமராக்கள், லென்ஸ் இல்லாமல்]

வணக்கம். மேசையில் இருக்கும் இரண்டும் சோனியின் ஃபுல் ஃபிரேம் (35 மில்லிமீட்டர் ஃபிலிம் அளவு சென்சார் கொண்ட) மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத) கேமராக்கள். இடப்பக்கம் 2018-இல் வந்த ஏ7 III, வலப்பக்கம் 2020-இல் வந்த ஏ7சி. இரண்டிலும் 24 மெகாபிக்சல் சென்சார், இரண்டுக்கும் ஒரே பேட்டரி. படங்களைக் கலந்து வைத்துவிட்டால், எது எந்தக் கேமராவில் எடுத்தது என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. படத்தின் தரத்தை ஒதுக்கிவிட்டு அளவையும் பிடியையும் மட்டும் பேசுவதற்கு இதைவிடப் பொருத்தமான ஜோடி அமையாது.

பேட்டரி, மெமரி கார்டு உட்பட ஏ7 III 650 கிராம். ஏ7சி 509 கிராம். வாங்க வருபவரின் கண் முதலில் போவது இந்த 141 கிராம் வித்தியாசத்தின் மேல்தான். ஆனால் ஸ்கேலை வைத்து அளந்தால் வேறொன்று தெரிகிறது. அகலத்தில் இரண்டுக்கும் இடையே 3 மில்லிமீட்டர்கூட வித்தியாசம் இல்லை. உயரத்திலோ ஏ7 III ஏறத்தாழ 96 மில்லிமீட்டர், ஏ7சி 71 மில்லிமீட்டர்.

[காட்சி: ஏ7சியைப் பிடித்திருக்கும் வலது கை, மிக அருகில்]

அந்த 25 மில்லிமீட்டர் எங்கே போயிற்று என்பதைச் சுண்டு விரல் சொல்லிவிடும். ஆள்காட்டி விரல் ஷட்டர் பொத்தானுக்குப் போய்விட்டால், கிரிப்பை (வலது கை பிடிக்கும் புடைப்பை) சுற்றிப் பிடிக்க மீதி மூன்று விரல்கள்தான் உண்டு. ஏ7 III-இல் என் சுண்டு விரல் விளிம்பை ஒட்டி நிற்கிறது (பெரிய கை உடையவர்களுக்கு அதிலும் நழுவும்). ஏ7சியில் அது கேமராவுக்கு அடியில் மடங்கிக்கொள்கிறது. மூன்று விரல்கள் பகிர வேண்டிய சுமையை இரண்டே விரல்கள் இறுக்கிப் பிடிப்பதால், முகூர்த்த நேரம் முழுவதும் கேமராவை இறக்காமல் வைத்திருப்பவருக்கு எடை குறைந்த பாடியே முதலில் கையை வலிக்கச் செய்யலாம். அடியில் திருகிப் பொருத்தும் கிரிப் நீட்டிப்பு இதற்கு ஒரு வழி. கேனான் தன் ஈஓஎஸ் ஆர்பி என்ற சிறிய கேமராவுக்கு அப்படியொன்றைத் தானே விற்றது. ஆனால் உயரத்தைக் குறைக்கவென்று வாங்கிய கேமராவுக்கு உயரத்தை மறுபடியும் காசு கொடுத்து வாங்குவது எனக்குச் சற்று வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

[காட்சி: இரண்டு பாடியிலும் மாறி மாறி லென்ஸ் பொருத்தப்படுகிறது]

பாடியை, அதாவது லென்ஸ் இல்லாத கேமராவை, தனியாக எடைபோடுவதில் பொருளில்லை. லென்ஸோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். ஏ7சியோடு விற்கப்படும் 28-60 மில்லிமீட்டர் ஜூம் லென்ஸின் எடை 167 கிராம். அதைப் போட்டால் மொத்தம் 676 கிராம், அதாவது லென்ஸ் இல்லாத ஏ7 III-ஐவிடச் சற்றே அதிகம். நாள் முழுக்கத் தெருவில் நடந்து படமெடுப்பவர் இந்த இடத்தில் தயங்கவே வேண்டாம். அதே பாடியில் வெளிச்சத்தை அதிகம் உள்ளே விடும், 695 கிராம் எடையுள்ள சோனி 24-70 எஃப்2.8 ஜூம் லென்ஸின் இரண்டாம் பதிப்பைப் போடுங்கள்: 1204 கிராம்; ஏ7 III-இல் 1345. வித்தியாசம் பத்தில் ஒரு பங்குதான். மேலும், சுமார் 88 மில்லிமீட்டர் விட்டமுள்ள அந்த லென்ஸ், தன்னைத் தாங்கும் ஏ7சியின் உயரத்தையே மிஞ்சுகிறது. எடை முழுவதும் முன்பக்கம் சாய்வதால், இடது கையை லென்ஸுக்கு அடியிலிருந்து எடுக்கவே முடிவதில்லை.

கண்ணை வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டரும் அளவோடு சுருங்கிவிட்டது: ஏ7 III-இல் 0.78 மடங்கு உருப்பெருக்கம், ஏ7சியில் 0.59 மட்டுமே. அது இடது மூலையில் இருப்பதால் வலது கண்ணால் பார்ப்பவரின் மூக்கு பின்பக்கத் திரையில் படுவதில்லை. இடது கண்ணால் பார்ப்பவருக்கு அந்த வசதி கிடையாது. முன்பக்க டயலும் ஃபோகஸ் புள்ளியை நகர்த்தும் ஜாய்ஸ்டிக்கும் ஏ7சியில் இல்லை. 2023-இல் வந்த ஏ7சி II-இல் டயல் சேர்ந்தது, ஜாய்ஸ்டிக் சேரவில்லை.

கடைக்குப் போகும்போது நீங்கள் அதிகம் பயன்படுத்தப் போகும் லென்ஸையே பொருத்தித் தரச் சொல்லுங்கள். கேமரா திருட்டுத் தடுப்புக் கம்பியில் கட்டப்பட்டிருந்தால், கழற்றித் தரும்படி கேளுங்கள். அந்தக் கம்பி இழுக்கும் இழுப்பில் எந்தக் கேமராவின் எடையும் தெரியாது. பிறகு ஐந்து நிமிடம் வியூஃபைண்டரிலிருந்து கண்ணை எடுக்காமல் ஷட்டர் வேகத்தையும் அபெர்ச்சரையும் (லென்ஸ் துளையின் அளவையும்) ஃபோகஸ் புள்ளியையும் மாற்றிப் பாருங்கள். கேமராவைக் கீழே வைத்ததும், வலது கை விரல்களை நீங்கள் உதறிக்கொள்கிறீர்களா என்பதையும் கவனியுங்கள்.